நாம் எழுதும் டூலை நாமே பயன்படுத்தினால் போதுமா?

கேட்டவர் சொன்னதைச் சுருக்கமாகத் திரும்பச் சொல்லிவிடுகிறேன். ஐந்து பேர் கொண்ட குழு. எட்டு மாதமாக ஒரு பில்ட் டூல், அதாவது எழுதிய நிரலை ஓடக்கூடிய மென்பொருளாகத் தொகுத்துத் தரும் டூல், எழுதுகிறார்கள். அந்த டூலின் நிரலையே அந்த டூலை வைத்துத்தான் பில்ட் செய்கிறார்கள். தினமும் கையில் புழங்கினால் குறைகள் தானாகத் தெரிந்துவிடும் என்று நம்பி இறங்கினார்கள். ஆனால் வெளியே பயன்படுத்துகிறவர்கள் சொல்லும் குறைகளில் பாதியை இவர்கள் ஒருநாளும் பார்த்ததே இல்லை. அதோடு இரண்டு தடவை டூலே உடைந்து, ஐந்து பேரும் அரை நாள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதாயிற்று. "நாமே பயன்படுத்துவது சரியான வழிதானா, இல்லை விட்டுவிடலாமா?" என்று கேட்கிறார்.

எனக்கு இதில் இரண்டு கேள்விகள் தெரிகின்றன. ஒன்று, நாங்கள் தினமும் பயன்படுத்துகிறோம் என்பதை டூல் நன்றாக இருக்கிறது என்பதற்குச் சாட்சியாக எவ்வளவு தூரம் நம்பலாம்? இரண்டு, உட்கார்ந்திருக்கும் கிளையையே தினமும் செதுக்கிக்கொண்டிருக்கும்போது கீழே விழாமல் இருப்பது எப்படி? இரண்டுக்கும் மருந்து வேறு என்பதால் தனித்தனியாகவே எடுத்துக்கொள்கிறேன். நான் பதினான்கு வருடமாக பில்ட், டெஸ்ட், டெப்ளாய் (மென்பொருளை சர்வரில் ஏற்றுவது) டூல்களை எழுதி வருகிறேன். எல்லாமே சக டெவலப்பர்களுக்காக எழுதியவை. அதிகபட்சம் இருநூறு பேர் பயன்படுத்தியிருப்பார்கள். லட்சம் பேர் பயன்படுத்தும் டூலைப் பராமரித்த அனுபவம் எனக்கு இல்லை. அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் நிச்சயமாகத் தெரிந்ததைச் சொல்கிறேன். நாமே பயன்படுத்துவது பக் பிடிப்பதற்கு அருமையான வழி. அதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை. 2005 ஏப்ரலில், லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ், நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிவு செய்து வைக்கும் கிட் என்ற டூலை எழுதத் தொடங்கினார். லினக்ஸ் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) குழு அதுவரை இதே வேலைக்குப் பயன்படுத்திவந்த பிட்கீப்பரின் இலவச உரிமம் கைவிட்டுப் போனதால் வந்த அவசரம் அது. 3-ஆம் தேதி ஆரம்பித்த வேலை. 7-ஆம் தேதிக்குள் கிட்டின் சொந்த நிரலே கிட்டுக்குள் வந்துவிட்டது. ஜூனில் கெர்னலின் 2.6.12 வெர்ஷன் கிட்டிலிருந்து வெளியானது. அந்த இரண்டரை மாதத்தில் எங்கேயாவது ஒரு கமிட் (பதிவான மாற்றம்) தொலைந்திருந்தால் முதலில் அடிபட்டிருப்பது எழுதினவரின் வேலைதான். பக் ரிப்போர்ட் எழுதி, அது கை மாறி, யாரோ படித்து, "இங்கே வரவில்லையே" என்று பதில் போட்டு இழுத்தடிக்கிற கதையே இல்லை. வலித்தவரும் சரிசெய்கிறவரும் ஒரே ஆள்.

நிரலைக் கணினி ஓட்டும் வடிவத்துக்கு மாற்றும் கம்பைலர்களின் உலகத்தில் இதை ஒரு சோதனையாகவே வைத்திருக்கிறார்கள். தன்னைத் தானே கம்பைல் செய்துகொண்ட ஆரம்பகாலக் கம்பைலர்களில் ஒன்று, 1962-இல் எம்ஐடியில் டிம் ஹார்ட்டும் மைக் லெவினும் எழுதிய லிஸ்ப் மொழிக் கம்பைலர். இன்றைக்கு ஜிசிசி என்ற கம்பைலரை முழுதாக பில்ட் செய்தால் மூன்று கட்டமாக நடக்கும். கணினியில் ஏற்கெனவே இருக்கும் கம்பைலர் முதல் ஜிசிசியை உண்டாக்கும். அந்த முதலாவது, அதே நிரலிலிருந்து இரண்டாவதை உண்டாக்கும். இரண்டாவது, மூன்றாவதை உண்டாக்கும். இரண்டாவதும் மூன்றாவதும் பைட்டுக்கு பைட் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகவில்லை என்றால் எங்கோ தவறு. தன்னைத் தானே சோதித்துக்கொள்வதில் இவ்வளவு சுத்தமான முறையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. உங்கள் பில்ட் டூலிலும் இதைச் செய்யலாம்: பழைய வெர்ஷனால் புதியதை பில்ட் செய்யுங்கள், அந்தப் புதியதால் அதையே இன்னொரு தடவை பில்ட் செய்யுங்கள், இரண்டு வெளியீட்டையும் ஒப்பிடுங்கள். ஃபைலுக்குள் நேரமும் தேதியும் பதிந்திருந்தால் ஒப்பீடு பொய்யாகத் தவறு காட்டும், அதை முதலில் எடுத்துவிடுங்கள். ஒரு நாள் வேலைதான்.

சரி, இத்தனை நல்லது இருந்தும் வெளியே இருப்பவர்களின் குறை ஏன் உங்கள் கண்ணில் படவில்லை? புதுச் செருப்பு முதல் வாரம் கடிக்கும். அப்புறம் கடிக்காது. செருப்பு மாறியிருக்காது, அந்த இடத்தில் தோல் காய்த்துப்போயிருக்கும். சொந்த டூலைத் தினமும் பயன்படுத்துகிறவரின் நிலைமை இதுதான். எழுதி முடித்த முதல் வாரத்தில் நமக்குக் கிடைக்கும் தகவல் பொன். ஆறு மாதம் கழித்து "எனக்கு நன்றாக ஓடுகிறதே" என்று நாம் சொல்லும்போது, டூலின் குணத்தைவிட நம் காய்ப்பைப் பற்றித்தான் அதிகம் சொல்கிறோம்.

இதை நான் ஒரு குறிப்பிட்ட நாளில் கற்றுக்கொண்டேன். குழுவில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண், நாங்கள் எழுதிய டெஸ்ட் ரன்னரை (டெஸ்ட்களை ஓட்டும் டூல்) முதல் முறையாக ஓட்டினார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். திரையில் "ஃபைல் கிடைக்கவில்லை" என்று ஒரே ஒரு வரி வந்தது. எந்த ஃபைல், யார் தேடினார்கள், எங்கே தேடினார்கள், ஒன்றும் இல்லை. அவர் அந்த வரியை இரண்டு தடவை படித்தார். அதற்குள் என் கை தானாக அவருடைய கீபோர்டுக்குப் போய், முந்தைய ஓட்டத்தின் தற்காலிகச் சேமிப்பான கேஷ் ஃபோல்டரை அழித்துவிட்டு, கட்டளையைத் திரும்ப ஓட்டிவிட்டது. டெஸ்ட்கள் பச்சையாக ஓடின. "இப்ப எதை அழிச்சீங்க? ஏன் சார்?" என்று கேட்டார். எனக்கு உடனே பதில் வரவில்லை. மாலையில் என் டெர்மினல் ஹிஸ்டரியை, அதாவது நான் அடித்த கட்டளைகளின் பட்டியலை, தேடிப் பார்த்தேன். அந்த அழிக்கும் கட்டளையை நாளுக்கு நாலைந்து தடவை அடித்திருக்கிறேன், மாதக்கணக்காக. நிரலின் ஒரு கிளையிலிருந்து (பிரான்ச்) இன்னொன்றுக்கு மாறும்போதெல்லாம் கேஷ் பழைய பாதையையே பிடித்துக்கொண்டு நிற்கும் ஒரு பக் அது. அந்த ரன்னரை எழுதினதும் நான்தான், நாள் முழுக்கப் பயன்படுத்தினதும் நான்தான். ஆனாலும் அது ஒரு பக் என்று என் மனதில் பதியவே இல்லை. விரல்கள் அதைச் சமாளித்துக்கொண்டிருந்தன. சரிசெய்ய இருபது வரி கூட ஆகவில்லை.

ஆகவே நான் உறுதியாகச் சொல்லக்கூடியது: சொந்தப் பயன்பாடு, டூல் சட்டென்று உடைவதைக் காட்டிக்கொடுக்கும், மெதுவாகக் குத்துவதைக் காட்டாது. முதல் முறை நிறுவுவது, புரியாத எரர் மெசேஜ், ஆவணத்தில் விட்டுப்போன ஒரு படி, இவையெல்லாம் அதன் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. ஏனென்றால் உங்களில் யாரும் அந்த டூலை எட்டு மாதமாக முதல் முறை நிறுவவில்லை. உங்கள் ஐந்து பேர் கணினியிலும் என்றோ வைத்த ஒரு என்விரான்மென்ட் வேரியபிள் (டூல்கள் படித்துக்கொள்ளக் கணினியில் பதிந்து வைக்கும் மதிப்பு) இருக்கும், அது இருப்பதே மறந்துபோயிருக்கும்.

இதற்கு நான் பின்பற்றும் வழிகள் ரொம்பச் சாதாரணமானவை. வாரத்துக்கு ஒரு நாள், ஒன்றும் நிறுவாத வெறும் கன்டெய்னரில் (கணினிக்குள் தனித்து ஓடும் சூழல்), ஆவணத்தில் இருப்பதை மட்டும் படித்து டூலை நிறுவி ஒரு சின்ன புராஜெக்டை பில்ட் செய்கிறேன். அப்புறம், எரிச்சல் வந்த அதே நொடியில் ஒரு வரி எழுதி வைக்கிறேன், வேலை முடிந்த பிறகு இல்லை. முடிந்த பிறகு எழுத நினைத்தால் எழுத ஒன்றும் இருக்காது, ஏனென்றால் சுற்றுவழி கண்டுபிடித்த திருப்தியில் வலி மறந்துபோகும். மூன்றாவதாக, மாதத்துக்கு ஒரு தடவை டெர்மினல் ஹிஸ்டரியை வரிசைப்படுத்திப் பார்க்கிறேன். அடிக்கடி அடிக்கும் இரட்டைக் கட்டளைகள் அதில் பளிச்சென்று தெரியும். நம் ஞாபகம் மறைப்பதை ஹிஸ்டரி மறைக்காது.

பழகிப்போன கைகள் ஒரு டூலின் தலையெழுத்தையே முடிவு செய்துவிடும் என்பதற்கு மேக் என்ற பழைய பில்ட் டூல் ஒரு பாடம். 1976-இல் பெல் லேப்ஸில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் அதை எழுதினார். கட்டளை வரிகள் டேப் எழுத்தில் தொடங்க வேண்டும் என்று ஒரு விதி. ஸ்பேஸ் போட்டால் ஓடாது, கண்ணுக்கோ இரண்டும் ஒன்றுதான். அது தொல்லை என்று சீக்கிரமே தெரிந்துவிட்டது. ஆனால் அதற்குள் பன்னிரண்டு பேர் அளவில் பயன்படுத்த ஆரம்பித்திருந்தார்கள், பெரும்பாலும் நண்பர்கள். அவர்களுடைய ஃபைல்களை உடைக்க மனமில்லாமல் விட்டுவிட்டதாக அவரே சொல்லியிருக்கிறார். ஏறக்குறைய ஐம்பது வருடம் ஆகிறது, டேப் இன்னும் அங்கேயே இருக்கிறது. உங்களுக்கு இப்போது வெளியே எத்தனை பேர் என்று சொல்லவில்லை. நூறு பேருக்குள் என்றால், மனதுக்குள் "இது தப்பு" என்று உறுத்தும் எதையும் இந்த மாதமே மாற்றிவிடுங்கள். இதைவிட மலிவாக இனி ஒருநாளும் மாற்ற முடியாது.

கிட்டும் இதே பாதையில் போனதுதான். பேட்ச்களை (திருத்தத் துணுக்குகளை) மெயிலில் வாங்கி இணைக்கும் கெர்னல் பராமரிப்பாளரின் கைக்கு அது கச்சிதமாகப் பொருந்தியது. ஆனால் 'செக்அவுட்' என்ற ஒரே கட்டளை, கிளை மாற்றுவதற்கும், ஃபைலில் செய்த மாற்றத்தைத் தூக்கி எறிவதற்கும் சேர்த்து இருந்தது. ஒன்று ஆபத்தில்லாதது, மற்றது எழுதியதை அழிப்பது. பழகியவர்களுக்குக் குழப்பமில்லை, புதிதாக வந்தவர்கள் அதில் வேலையை இழந்தார்கள். 'ஸ்விட்ச்', 'ரெஸ்டோர்' என்று இரண்டாகப் பிரித்தது 2019 ஆகஸ்ட்டில், 2.23 வெர்ஷனில். பதினான்கு வருடம். கிட்டை எழுதுகிறவர்கள் அத்தனை நாளும் கிட்டைத்தான் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள்.

இன்னொரு நுட்பமான பிரச்சினை உண்டு. உங்கள் கேள்வியில் அது நேரடியாக இல்லை என்றாலும், பாதி குறைகளை நீங்கள் பார்த்ததே இல்லை என்பதற்கு இதுவும் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். நீங்கள் டூலைப் பயன்படுத்துகிறீர்கள், ஆனால் உங்கள் பயனர்கள் பயன்படுத்தும் விதத்தில் இல்லை. டைப்ஸ்கிரிப்ட் என்ற நிரல்மொழியின் கம்பைலர் டைப்ஸ்கிரிப்டிலேயே எழுதப்பட்டது. ஆனால் அதன் நிரல் பல வருடம் நேம்ஸ்பேஸ் என்ற பழைய பாணியில் இருந்தது. வெளியே டைப்ஸ்கிரிப்ட் எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் ஒவ்வொரு ஃபைலும் தனக்குத் தேவையானதை மற்றவற்றிலிருந்து இம்போர்ட் செய்துகொள்ளும் மாட்யூல் முறைக்கு எப்போதோ போய்விட்டார்கள். அதாவது தினமும் சொந்த மொழியில் எழுதிய அந்தக் குழு, தன் பயனர்கள் நாள் முழுக்கச் செய்யும் இம்போர்ட் வேலையைத் தன் சொந்த நிரலில் செய்யவே இல்லை. 2023 மார்ச்சில் வந்த 5.0-க்காக முழு நிரலையும் மாட்யூலுக்கு மாற்றினார்கள். கம்பைலர் 10 முதல் 25 சதவீதம் வேகமானது. அதைவிட முக்கியமாக, பயனர் நடக்கும் பாதையில் அவர்களும் நடக்க ஆரம்பித்தார்கள்.

கம்பைலரைக் கம்பைலராலேயே சோதிப்பதில் இப்படி ஒரு சாய்வு எப்போதும் இருக்கும். கம்பைலர் என்பது எழுத்துகளைப் படித்து, அவற்றை மரம் போன்ற ஓர் அமைப்பாகக் கட்டி, அந்த மரத்தின் வழியே நடக்கும் புரோகிராம். தசம எண் கணக்கு அதில் அபூர்வம். பாஸ்கல் மொழியை உருவாக்கிய நிக்லாஸ் விர்த் தன் கம்பைலர்களுக்கு வைத்திருந்த அளவுகோல் எனக்கு ரொம்பப் பிடிக்கும்: கம்பைலர் தன்னைத் தானே கம்பைல் செய்துகொள்ளும் நேரம். ஒரு புதிய ஆப்டிமைசேஷனை (நிரலை வேகமாக ஓட வைக்கும் உத்தியை) சேர்த்தால் அந்த நேரம் குறைய வேண்டும், இல்லையென்றால் சேர்க்காதே. டூல் கொழுத்துப்போகாமல் இருக்க அற்புதமான கட்டுப்பாடு. ஆனால் அறிவியல் கணக்குப் போடுகிறவருக்கு உதவும் ஆப்டிமைசேஷன் அந்தத் தராசில் ஏறவே ஏறாது. உங்களிடமும் அப்படித்தான் இருக்கும். உங்கள் பில்ட் டூலின் நிரல் ஒரே மொழி, ஒரே ரெப்போ (நிரல் கிடங்கு), ஐந்து பேர். வெளியே மூன்று மொழி கலந்த, பழைய லைப்ரரிகள் தொங்கும், விண்டோஸில் ஓடும் புராஜெக்ட் இருக்கும். அப்படி ஒரு திறந்த மூல புராஜெக்டை எடுத்து, உங்கள் சி.ஐ.யில் (நிரலைத் தானாக பில்ட் செய்து சோதிக்கும் அமைப்பில்) தினமும் உங்கள் டூலால் பில்ட் செய்து பாருங்கள். சொந்தப் பயன்பாட்டின் ஓட்டையை அடைக்க இதைவிட மலிவான வழி எனக்குத் தெரிந்து இல்லை.

அதே டைப்ஸ்கிரிப்ட் குழு 2025 மார்ச்சில் கம்பைலரையே கோ மொழிக்கு மாற்றுவதாக அறிவித்தது. விஎஸ் கோட் என்ற எடிட்டரின் சுமார் 15 லட்சம் வரி நிரலைச் சரிபார்க்க 77.8 விநாடி ஆனது 7.5 விநாடியாகக் குறைந்ததைக் காட்டினார்கள். சொந்த மொழியில் சொந்த டூல் என்ற பெருமையை விட்டுக்கொடுத்தால் பயனருக்குப் பத்து மடங்கு வேகம் கிடைக்கிறது. சரியான முடிவு என்பது என் கருத்து. இதற்கு எதிர்த்திசையில் நடந்ததும் உண்டு. 2015 ஆகஸ்ட்டில் வந்த கோ 1.5-இல், அதுவரை சி மொழியில் இருந்த கம்பைலரை கோவுக்கு மாற்றினார்கள். பில்ட் நேரம் ஏறக்குறைய இரண்டு மடங்கானதை ரிலீஸ் குறிப்பிலேயே ஒத்துக்கொண்டார்கள். எழுதுகிறவர்களும் அதே மந்தமான கம்பைலரோடுதான் தினமும் வேலை செய்ய வேண்டியிருந்தது. அடுத்தடுத்த வெர்ஷன்களில் அதைச் சரிசெய்துகொண்டே வந்தார்கள். இரண்டில் எது உங்களுக்குப் பொருந்தும் என்று பொதுவிதி சொல்ல எனக்குத் துணிவில்லை.

இனி, கிளையை வெட்டும் விஷயம். அரை நாள் உட்கார்ந்திருந்தோம் என்று எழுதியதைப் படித்தபோது எனக்கு ஒரு வெள்ளிக்கிழமை ஞாபகம் வந்தது. நாங்கள் எழுதிய டெப்ளாய் டூல் தன்னையும் தானே டெப்ளாய் செய்துகொள்ளும். ஒரு ரிலீஸில், கான்ஃபிக் ஃபைலைப் படிக்கும் இடத்தில் ஒரு காலி வரியைப் பார்த்தால் அப்படியே நின்றுவிடும் பக் நுழைந்தது. காரணம் பத்து நிமிடத்தில் தெரிந்துவிட்டது, திருத்தம் ஒரே வரி. ஆனால் அந்தத் திருத்தத்தை வெளியே அனுப்ப எங்களிடம் இருந்த ஒரே வழி அந்த உடைந்த டூல்தான். முந்தைய வெர்ஷன் வைத்திருந்த சர்வருக்குள் கையால் நுழைய யாருக்கும் அனுமதி இல்லை. அனுமதி கொடுக்கும் ஸ்கிரிப்டும் அதே டூல் வழியாகத்தான் ஓடும். ஒரு வரித் திருத்தத்துக்கு ஐந்து மணி நேரம்.

பெரிய இடங்களும் இதில் மாட்டியிருக்கின்றன. 2017 பிப்ரவரி 28 அன்று அமேசானின் எஸ்3 என்ற ஃபைல் சேமிப்புச் சேவை தடைபட்டபோது, "சேவை தடைபட்டிருக்கிறது" என்று காட்ட வேண்டிய அவர்களுடைய நிலைப் பலகையையே சில மணி நேரம் மாற்ற முடியவில்லை. அதை மாற்றும் நிர்வாகத் திரை எஸ்3-ஐ நம்பி இருந்தது. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக் சுமார் ஆறு மணி நேரம் முடங்கியபோது, கோளாறைச் சரிசெய்யும் உள் டூல்களும் கூடவே போய்விட்டன. பொறியாளர்கள் நேரில் டேட்டா சென்டருக்குப் போக வேண்டியிருந்தது.

இதற்குத் தீர்வு தெளிவானது, பலரும் நிரூபித்தது. டூலை பில்ட் செய்வதற்கு இன்றைய டூலைப் பயன்படுத்தாதீர்கள். உறுதியாக ஓடும் என்று தெரிந்த ஒரு பழைய வெர்ஷனை ஆணியடித்து வையுங்கள். ரஸ்ட் மொழியின் கம்பைலரை அதற்கு முந்தைய வெர்ஷன் கம்பைல் செய்கிறது. கோ 1.5-ஐ உண்டாக்க 1.4 வேண்டும். டைப்ஸ்கிரிப்ட் குழு நன்றாக ஓடிய கடைசி கம்பைலரை ரெப்போவுக்குள்ளேயே வைத்திருந்தது. ஆக, தினசரி வேலைக்கு நேற்றைய ரிலீஸ், புதியதைச் சோதிக்க சி.ஐ., தைரியமான ஒருவர் மட்டும் இன்றைய பில்டில். ஐந்து பேரும் ஒரே நேரத்தில் இன்றைய பில்டில் இருக்கவே கூடாது. விழுந்தால் தூக்கிவிட ஒருவராவது நிற்க வேண்டும். இன்னொன்று: உங்கள் டூல் துளியும் தேவைப்படாமல் உங்கள் டூலை பில்ட் செய்யும் ஒரு சின்ன ஷெல் ஸ்கிரிப்ட் (கட்டளைகளை வரிசையாக எழுதிய ஃபைல்) எழுதி வையுங்கள். அழகாக இருக்க வேண்டாம், மெதுவாக ஓடினாலும் பரவாயில்லை. ஆனால் அதை வாரத்துக்கு ஒரு தடவை சி.ஐ.யில் ஓட்டுங்கள். ஓட்டாமல் வைத்த அவசர வழி, தேவைப்படும் நாளில் பூட்டியே கிடக்கும்.

இதே சுழலில் பாதுகாப்புக் கேள்வியும் உண்டு. யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்சன், கணினித் துறையின் டூரிங் விருது பெற்றபோது நிகழ்த்தி 1984-இல் அச்சான உரையில் அதைக் காட்டினார்: கம்பைலருக்குள் ஒரு கள்ளவழியை நுழைத்து, அந்தக் கம்பைலர் தன்னைக் கம்பைல் செய்யும்போதெல்லாம் அதைத் திரும்ப நுழைக்கும்படி செய்துவிட்டால், அப்புறம் மூல நிரலில் தடயமே இருக்காது. ஐந்து பேர் குழுவுக்கு இன்றைக்கு இது பெரிய கவலை இல்லை. ஆனால் மேலே சொன்ன ஷெல் ஸ்கிரிப்ட் இருந்தால், சுழலுக்கு வெளியிலிருந்து ஒரு பில்ட் எடுத்து ஒப்பிட்டுப் பார்க்கும் வசதியும் கூடவே கிடைக்கிறது.

நேரம் எங்கே போகிறது என்பதையும் கவனியுங்கள். நமக்கு உறுத்துவதை உடனே சரிசெய்ய நம்மால் முடியும், அதனாலேயே பட்டியலில் அது முதலிடம் பிடித்துவிடும். நான் ஒரு முறை டெர்மினலில் வரும் முன்னேற்றப் பட்டையை மூன்று நாள் மெருகேற்றினேன். அதே வாரம் வெளியே ஒருவர், பாதையில் ஸ்பேஸ் இருந்தால் டூல் ஓடவில்லை என்று எழுதிக் காத்திருந்தார். இப்போது வேலைகளை எடுக்கும்போது ஒவ்வொன்றின் பக்கத்திலும் "யார் கேட்டது" என்று எழுதுகிறேன். தொடர்ந்து எங்கள் பெயரே வந்தால் அடுத்த வாரத்துக்கு எங்கள் கோரிக்கைகளை நிறுத்திவைப்போம்.

எப்போது சொந்தப் பயன்பாட்டைத் தொடங்க வேண்டும் என்பதில் எனக்குத் தீர்மானமான பதில் இல்லை. கிட் சில நாளில் தொடங்கியது. அதை எழுதியவருக்கு என்ன வேண்டும் என்று முன்பே துல்லியமாகத் தெரியும். அந்தத் தெளிவு இல்லாமல் சீக்கிரம் தொடங்கினால், அரைகுறை வடிவத்துக்கே கை பழகிவிடும் ஆபத்து உண்டு என்று என் அனுபவத்தில் தோன்றுகிறது. நீங்கள் ஏற்கெனவே எட்டு மாதம் தாண்டிவிட்டதால் அந்தக் கேள்வி உங்களுக்கு இனி இல்லை. விட்டுவிடாதீர்கள், தொடருங்கள்.

இந்த வாரம் ஒன்றே ஒன்று செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். நீங்கள் பார்த்தே இராத குறையைச் சொன்னவர்களில் ஒருவரைத் தேர்ந்தெடுத்து, அவருடைய கணினியில், அவருடைய புராஜெக்டில், ஒரு மணி நேரம் திரையைப் பகிரச் சொல்லுங்கள். நிறுவுவதிலிருந்து தொடங்கட்டும். நீங்கள் மைக்கை அணைத்துவிடுங்கள். அவர் தடுமாறும்போது உதவ வேண்டும் என்று கை துடிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். அவர் எங்கே நின்றார், எந்த வரியைத் திரும்பப் படித்தார், எப்போது வேறு ஜன்னலுக்குப் போய்த் தேடினார் என்று மட்டும் நேரத்தோடு குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தாளை மற்ற நால்வரிடம் காட்டிவிட்டு, அதில் முதலில் இருக்கும் மூன்றைச் சரிசெய்த பிறகு, இன்னொருவரைக் கூப்பிடுங்கள்.